மலையும் வேண்டும், காற்றும் அடங்க வேண்டும்!

மதுரையிலிருந்து குற்றாலத்துக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? புளியங்குடி தாண்டியதும் அருவி நினைப்பில் கண்ணை மூடிவிடாதீர்கள். அடுத்து வருவது கடையநல்லூர். தறியில் பிழைத்த ஊர். பிறகு வளைகுடா நாடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிய ஊர். அவர்கள் சிந்திய வியர்வைதான் இங்கே பல மாடி வீடுகளாக நிற்கிறது.

ஒரு மொட்டை மாடியில் ஏறி மேற்கே பாருங்கள். அடடா! மேற்குத் தொடர்ச்சி மலை, கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல் நிற்கிறது. இங்கே ஒரு தோட்டம் போட்டால்? பேஷாகப் போடலாம். ஆனால் ஆனி, ஆடியில் அதே மேற்கிலிருந்துதான் செங்கோட்டைக் கணவாய் வழியே காற்று பாய்ந்து வருகிறது. சுவர் எழுப்பினால் மலை மறையும்; எழுப்பாவிட்டால் செடி சாயும். என்ன செய்வது?

வழி காட்டியவர் லெ கார்புஸியே. நம் சண்டிகர் நகரைத் திட்டமிட்டாரே, அவர்தான். பாரிஸுக்கு அருகே 1931-ல் முடிந்த 'வில்லா சவோய்' வீட்டின் உச்சியில் காற்றுக்கு மறைப்பாக வளைந்த சுவர் எழுப்பி, அதில் ஒரு திறப்பு விட்டார். வெளிக்காட்சி சட்டம் போட்ட படம் மாதிரி தெரியும். கடையநல்லூரிலும் அப்படியே செய்யலாம். முழுச் சுவர் கட்டினால் காற்று அதன்மேல் ஏறிக் குதித்துச் சுழலும். துவாரமுள்ள கற்களால் கட்டினால் வேகம் தணிந்து நுழையும். மலைக்கு நேராக மட்டும் ஒரு ஜன்னல் விடுங்கள்.

ஈர மண் போர்த்தினால் கான்கிரீட் வெயிலில் விரிந்து வெடிக்காது என்றும் அவர் 1927-ல் வாதித்தார். நியாயந்தான். ஆனால் அந்த வில்லா சவோயே மழைக்கு ஒழுகியது! வீட்டுக்கார அம்மாள் புகார்க் கடிதம் எழுதினார். நம் பழைய கொத்தனார்கள் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பு குழைத்துத் தளம் போட்டது சும்மாவா? முதலில் ஒழுகாத தளம், பிறகே செடி.

அடுத்தது பாரம். ஒரு சதுர அடியில் ஓரடி உயரத்துக்கு ஈர மண் கொட்டினால் சுமார் 50 கிலோ. வீட்டு மாடியில் ஆட்கள் புழங்குவதற்கென்று வழக்கமாகக் கணக்கிடும் பாரமோ சதுர அடிக்கு ஏறத்தாழ 14 கிலோதான்! ஆகையால் இன்ஜினீயரைக் கேளாமல் மண்ணை ஏற்றாதீர்கள். தென்னை நார்க் கழிவு கலந்தால் மண் லேசாகும். தொட்டிகளைச் சுவரும் உத்தரமும் தாங்கும் ஓரங்களில் நேர்கோடாக வையுங்கள். கற்றாழை, எலுமிச்சைப் புல், ஒரு பிச்சிக் கொடி போதும். வாழை வேண்டாம், காற்று இலையைக் கிழித்துவிடும்.

நடுத்தளம் காலியாக இருக்கட்டும். புது மோஸ்தர் தோட்டத்துக்கு அதுவே அழகு. கடல் கடந்து உழைத்தவர் லீவில் வரும்போது, அங்கே ஒரு நாற்காலி போட்டு மலையைப் பார்த்து உட்காரட்டுமே!