பொறிக்குள் ஒரு பொறி

நுழையும்முன்

தமிழில் ‘பொறி’ என்னும் சொல்லுக்குப் பல பொருள்கள் உண்டு. இயந்திரமும் பொறி, நெருப்புத் துகளும் பொறி, மெய், வாய், கண், மூக்கு, செவி ஆகிய ஐந்தும் பொறிகள். படகின் பொறியில் தீப்பொறி தவறும்போது ஐம்பொறிகளும் அறிவும் எவ்வாறு துணைநிற்கின்றன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கொல்கத்தாவின் சால்ட் லேக் இன்று அகன்ற சாலைகளும் பூங்காக்களும் நிறைந்த நகர்ப்பகுதி. ஒரு காலத்தில் இஃது உவர்நீர் தேங்கிய சதுப்புநிலம். வித்யாதரி ஆற்றின் வழியே ஏறிவந்த கடலோதம் இங்கிருந்த நீரை உப்பாக்கியது. 1962ஆம் ஆண்டு தொடங்கி, ஹூக்ளி ஆற்றின் வண்டலைக் குழாய்கள் வழியே கொண்டுவந்து நிரப்பி, அதன்மேல் இந்நகர் எழுப்பப்பட்டது. நீர் போய் நிலம் வந்தது. ஆயினும், தெற்கே சுந்தரவனத் தீவுகளில் வாழும் மக்களுக்கு இன்றும் படகே வண்டி; ஆறே சாலை.

அங்கு ஓடும் நாட்டுப்படகை வங்காளிகள் ‘புட்புட்டி’ என்று அழைப்பர். அஃது எழுப்பும் ஓசையே அதற்குப் பெயராயிற்று. அதில் இருப்பது டீசல் பொறி. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பத்தாலேயே டீசல் எரிந்துவிடுவதால், அதற்குத் தீப்பொறி தேவையில்லை. படகின் பின்புறத்தில் மாட்டப்படும் பெட்ரோல் பொறியோ அவ்வாறன்று. ‘அவுட்போர்டு மோட்டார்’ எனப்படும் அதன் உருளைக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து அழுத்தப்படும். உரிய கணத்தில் அங்கே ஒரு தீப்பொறி பறக்கவேண்டும். அதனைத் தருவது ஸ்பார்க் பிளக். அதன் முனையிலுள்ள இடைவெளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே. காயில் அனுப்பும் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் அவ்விடைவெளியைத் தாண்டும்போது பொறி பிறக்கிறது.

அச்சிறு பொறியை நம்பிப் பல உயிர்கள் காத்திருந்த நாள்கள் உண்டு. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது மீனவர் படகுகள் தெருக்களுக்குள் வந்தன. 2018 ஆகஸ்டில் கேரளம் பெருவெள்ளத்தில் மூழ்கியபோது, மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்கு விரைந்தனர். மாடிகளில் சிக்கித் தவித்த ஆயிரக்கணக்கானோரை மீட்டனர். அத்தகைய நீரோட்டத்தின் நடுவே பொறி நின்றுவிட்டால், படகு செல்லும் திசையை வெள்ளமே முடிவுசெய்யும்.

பழகிய படகோட்டி, பொறி திணறத் தொடங்கும்போதே அதனை உணர்ந்துவிடுகிறார். சீரான ஓசை இடையிடையே அறுபடுவதைச் செவி கேட்கிறது. படகு குலுங்குவதை மெய் உணர்கிறது. எரியாத பெட்ரோலின் வாடையை மூக்கு அறிகிறது. இம்மூன்றும் கூடினால், ஏதோ ஓர் உருளையில் தீப்பொறி தவறுகிறது என்று அவர் ஐயுறுகிறார்.

அதன்பின் அவர் எளியதிலிருந்து அரியதற்குச் செல்கிறார். ஓட்டுநர் தவறி விழுந்தால் பொறியை நிறுத்துவதற்கென மணிக்கட்டில் கட்டும் கயிறு ஒன்றுண்டு. அக்கயிற்றின் சுவிட்ச் பழுதாயினும் தீப்பொறி தடைப்படும். எனவே முதலில் அதனைச் சரிபார்க்கிறார். எரிபொருள் குழாய் மடங்கியுள்ளதா, தொட்டியின் காற்றுத்துளை திறந்துள்ளதா என்று அடுத்துப் பார்க்கிறார். பின்னர், பொறியை நிறுத்தி, அது ஆறியபின் பிளக்கைக் கழற்றுகிறார். அதன் முனை இளம்பழுப்பாக இருந்தால் நலம். கரியும் ஈரமும் படிந்திருந்தால், எரிபொருள் வந்தும் அது சரியாக எரியவில்லை என்பது பொருள்.

ஐயம் தீராவிடில், இரண்டு உருளைகளின் பிளக்குகளையும் ஒன்றற்கொன்று மாற்றி மாட்டுகிறார். குறை பிளக்குடன் அடுத்த உருளைக்கு இடம்பெயர்ந்தால் பிளக்கே பழுது. குறை பழைய உருளையிலேயே நின்றால், வயரையோ காயிலையோ ஆராயவேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதே இம்முறையின் உயிர். அனைத்தையும் ஒரே வேளையில் மாற்றினால் பொறி ஓடக்கூடும். ஆனால், எது பழுது என்பது தெரியாது. மறுமுறை அது நின்றால் மீண்டும் இருட்டில் தேடவேண்டியதுதான்.

கடலோரப் பொறிகளுக்குப் பெரும்பகை உப்பு. அது காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். உப்பேறிய ஈரம் மின்சாரத்தைக் கடத்தும். வயரின் உறையில் விரிசல் இருந்தால், பிளக்கைச் சென்றடைய வேண்டிய மின்சாரம் அவ்வழியே கசிந்துவிடும். இணைப்புகளில் பச்சைநிறக் களிம்பும் ஏறும். ஆதலால், கரை சேர்ந்ததும் பொறியை நன்னீரால் அலசுவதும், இணைப்புகளை உலர்த்தித் துடைப்பதும், மாற்றுப் பிளக் ஒன்றைப் படகில் வைத்திருப்பதும் அறிந்தோர் வழக்கம். பொறி ஓடும்போது பிளக்கின் வயரைத் தொடுவதும், பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடத்தில் தீப்பொறியைச் சோதிப்பதும் பேரிடர் தரும். பயிற்சி பெற்றோரே இப்பணியைச் செய்தல் வேண்டும்.

வெள்ளம் வருமுன் துடைத்துவைத்த ஒரு பிளக், வெள்ளத்தின் நடுவே ஒரு குடும்பத்தைக் கரைசேர்க்கிறது.

சொல்லும் பொருளும்

கடலோதம் – கடல்நீரின் ஏற்றம்
உவர்நீர் – உப்புநீர்
ஐயுறுதல் – சந்தேகித்தல்
களிம்பு – உலோகத்தில் படியும் துரு

சிந்தித்து எழுதுக

1. டீசல் பொறிக்கு ஸ்பார்க் பிளக் தேவைப்படாதது ஏன்?
2. பிளக்குகளை மாற்றி மாட்டுவதால் எதனை அறியலாம்?
3. ‘பொறி’ என்னும் சொல்லை மூன்று பொருள்களில் அமைத்து, மூன்று தொடர்கள் எழுதுக.