ஸலமாங்காவில் மாணவரானோம்

நாற்பது வயதைத் தாண்டிய பிறகு ஒரு பாஷையைக் கற்கக் கடல் கடந்து போகிறோம் என்று சொன்னபோது நண்பர்கள் நகைத்தார்கள். "பையன்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது போதாதா?" என்று கேட்டார்கள். மூன்று வருஷமாக வீட்டிலிருந்தபடியே ஸ்பானிஷ் இலக்கணத்தை உருப்போட்டு வந்த நமக்கு, அதைப் பேசும் ஜனங்களிடையே ஒரு மாதமேனும் வசிக்க வேண்டும் என்ற ஆசை. ஆகவே கோடை விடுமுறையில் ஸலமாங்காவுக்குப் புறப்பட்டோம்.

மாட்ரிட் நகரிலிருந்து சாலை வழியாய்ச் சுமார் 210 கிலோமீட்டர். தோர்மெஸ் நதியின்மேல் ரோமர் காலத்துப் பாலம். அதற்கப்பால் மேட்டின்மீது ஊர். பக்கத்திலுள்ள வில்லமயோர் கிராமத்துக் கல்லால் எழுப்பிய மாளிகைகள் மாலை வெயிலில் பொன்னாய் ஜொலிக்கின்றன. மே மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கும் அங்கே வெளிச்சம் இருக்கிறது. 1755-ல் கட்டி முடிந்த பெரிய சதுக்கத்தில் அந்நேரம் ஊரே உலாவுகிறது.

சர்வகலாசாலை 1218-ல் ஸ்தாபிக்கப்பட்டது. அங்கே பயின்று பின்னர் போதித்த நெப்ரிஹா என்ற பண்டிதர், கொலம்பஸ் கப்பலேறிய அதே 1492-ல் காஸ்டிலிய பாஷைக்கு இலக்கணம் வெளியிட்டார். சர்வகலாசாலை முகப்பில், ஒரு மண்டையோட்டின்மேல் சிறு தவளை செதுக்கப்பட்டிருக்கிறது. பிறர் காட்டாமல் அதைக் கண்டுபிடிக்கும் மாணவன் பரீட்சையில் தேறுவான் என்பது ஐதிகம். நாம் அரை மணி நேரம் தேடிவிட்டு, ஒரு சிறுமியைக் கேட்டுத்தான் கண்டோம்!

பாஷைத் தேர்ச்சியை ஐரோப்பியர் 6 படிகளாக வகுத்திருக்கிறார்கள். நமக்குக் கிடைத்தது மூன்றாவது படி. இந்த நடுப்படிதான் பொல்லாதது. புதிதாய்த் தொடங்கியவன் இரண்டு வார்த்தை பேசினால் மெச்சுகிறார்கள். நடுப்படியில் இருப்பவனுக்கோ எல்லாம் தெரியும் என்றெண்ணி மடமடவென்று பொழிகிறார்கள்.

தமிழ் நமக்குச் சில இடங்களில் கைகொடுத்தது. 'எனக்குப் பிடிக்கிறது' என்று நாம் சொல்லும் விதமாகவே அவர்களும் 'மே குஸ்தா' என்கிறார்கள். 'பெரோ' என்றால் 'ஆனால்'. 'பெர்ரோ' என்றால் நாய். ரகர றகரம் பழகிய நாவுக்கு இந்தப் பேதம் பெரிதல்ல. போர்த்துகீசியர் வழியாய் நம்மிடம் வந்த மேசை, அங்கேயும் 'மேஸா'தான்.

நம்மைத் திணற அடித்தவை 'ஸேர்', 'எஸ்தார்' என்ற இரண்டு வினைகள். இரண்டுக்கும் 'இருத்தல்' என்றே பொருள். நிலையானதற்கு முன்னது, மாறக்கூடியதற்குப் பின்னது என்று நம் புத்தகம் சொல்லியது. அதை வேதவாக்காக நம்பினோம்.

ஒருநாள் இரவு உணவின்போது, நாம் தங்கியிருந்த வீட்டு அம்மாள் நம் பெற்றோரைப் பற்றி விசாரித்தாள். தகப்பனார் காலமாகிவிட்டார் என்று சொல்ல வேண்டும். மரணத்தைவிட நிலையானது ஏது? ஆகவே 'எஸ் முவெர்த்தோ' என்றோம். அம்மாள் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு, தன் வருத்தத்தைத் தெரிவித்தாள். சிறிது பொறுத்து, சுவரிலிருந்த படத்தைக் காட்டி, "என் கணவரும் 'எஸ்தா முவெர்த்தோ', ஒன்பது வருஷமாகிறது" என்றாள். அப்போதுதான் நம் பிழை நமக்கு விளங்கியது. ஒரு மாறுதலால் விளைந்த நிலைக்கு, அது என்றும் மாறாததாயினும், 'எஸ்தார்'தான் வரும். எண்ணூறு வருஷமாக நகராத சர்வகலாசாலை இருக்குமிடத்தைச் சொல்லவும் அதே வினைதான்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. போன வருஷம் நம் வகுப்பில் ஒரு பையன் மூன்று நாள் வராமலிருந்தான். காரணம் கேட்டபோது, தகப்பனார் நோயுற்றதை இங்கிலீஷில் தட்டுத் தடுமாறிச் சொன்னான். நாம் அவனுடைய வினைச்சொல்லைத் திருத்தினோம். வகுப்பு சிரித்தது. தகப்பனாரைப் பற்றிக் கேட்க மறந்தே போனோம். அதன்பிறகு வருஷம் முடியும்வரை அவன் வகுப்பில் வாய் திறக்கவில்லை. அதைச் சோம்பல் என்று எண்ணியிருந்தோம். ஸலமாங்காக் கடைகளில் நாமே பிழைக்கு அஞ்சி, விரலால் சுட்டிக்காட்டிச் சாமான் வாங்கியதை நினைத்துக் கொண்டோம்.

நடுப்படியிலேயே ஊர் திரும்பினோம். ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று அந்தப் பையனைத் தனியே அழைத்து, "அப்பா எப்படி இருக்கிறார்?" என்று கேட்டோம். தமிழிலேதான் கேட்டோம்.

"இப்போ தேவலை, ஸார்" என்றான்.