அளப்பதற்கும் கூலி உண்டு

மேட்டுப்பாளையத்தில், ஊட்டி சாலையை ஒட்டிய ஒரு கார் பட்டறை. குன்னூர் வழியாகவும் கோத்தகிரி வழியாகவும் மலையிறங்கும் வண்டிகள் பிரேக் சூடு ஆறுமுன்னே இங்கு வந்து நிற்கின்றன.

"மிதிச்சா பெடல் காலை உதைக்குதுங்க. டிஸ்க் வளைஞ்சிருச்சு, புதுசு போட்டுருங்க" என்றார் ஒரு வாடிக்கையாளர்.

மூத்த மெக்கானிக் பதில் சொல்லாமல் சாவியை வாங்கிக்கொண்டார். நான் பின்சீட்டில் ஏறினேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை மெல்ல அழுத்தினார். ஸ்டீயரிங் நடுங்கியது. "முன்சக்கரந்தானுங்க. பின்னாடி கோளாறுன்னா சீட்டுல தெரியும்." வேகம் குறையக் குறையத் துடிப்பும் நிதானப்பட்டது. சடாரென மிதிக்கும்போது வரும் ஏபிஎஸ் அதிர்வு இது அல்ல. சக்கரம் சுற்றும் கணக்குக்கு வருவது.

பட்டறையில் சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கை மட்டும் நட்டுகளால் ஹப்போடு இறுக்கினார். டயல் கேஜின் முனையை விளிம்புக்குச் சற்று உள்ளே வைத்துக் கையால் சுற்றினார். முள் ஆடியது. பல கார்களில் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் ஆடினாலே சந்தேகப்பட வேண்டும். பிறகு மைக்ரோமீட்டரை எடுத்து, சுற்றிலும் 8 இடங்களில் கனம் பார்த்தார். ஓரிடம் தேய்ந்திருந்தது. தலைமுடியைவிட மெல்லிய அந்த வித்தியாசம் காலுக்குத் தெரிந்துவிடுகிறது.

டிஸ்க்கைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது: ஹப்பின் முகத்தில் திட்டாகத் துரு. அதன்மேல் டிஸ்க் கோணலாக உட்கார்ந்து, பிரேக் போடாதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பிரேக் பேடை உரசியிருக்கிறது. பல ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் தேய்ந்துபோயிற்று. "இந்தத் துருமேலயே புது டிஸ்க் போட்டா முதல்ல நல்லாத்தான் இருக்குமுங்க. அப்புறம் இதே கதைதான்."

எல்லா வண்டிக்கும் துருவே காரணம் என்பதில்லை. நட்டுகளை ஏற்றத்தாழ்வாக முடுக்கினாலும் டிஸ்க் கோணும். காலிப்பர் பின் இறுகினாலும் பேடு உரசும். மலையிறங்கிய சூட்டோடு பெடலை அழுத்தியபடியே நின்றால், பேடின் பொருள் டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றுவது இன்னும் கேடு.

ஹப்பைக் கம்பி பிரஷ்ஷாலும் எமரி தாளாலும் தேய்த்து, டிஸ்க்கை மீண்டும் மாட்டியதும் முள்ளின் ஆட்டம் அடங்கியது. டிஸ்க்கில் பொறித்திருந்த குறைந்தபட்சக் கனத்துக்கு மேல் இன்னும் இரும்பு இருந்ததால், லேத்தில் கொடுத்து இருபுறமும் சமன் செய்தார்கள். உதவியாளர் டார்க் ஸ்பானரால் நட்டுகளை எதிரெதிராக முடுக்கினார். ஓட்டிப் பார்த்தபோது பெடல் அமைதியாக இருந்தது.

பில்லில் லேத் கூலி இருந்தது. கழற்றி மாட்டிய கூலி இருந்தது. அளந்த நேரத்துக்கு ஒரு வரியும் இல்லை. கேட்டேன். "பொருள் மாத்தினாத்தான் காசு குடுக்க மனசு வருதுங்க" என்றார் மூத்த மெக்கானிக்.

அன்று அங்கு நடந்த வேலைகளில் அறிவு மிகுந்தது அந்த அளவெடுப்புதான். அதற்கு நாம் கூலி தர மறுத்தால், டயல் கேஜ் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். நல்ல டிஸ்க்குகள் பழைய இரும்புக் கடைக்குப் போகும். டிஸ்க்கை மாற்றச் சொல்லும் முன் "அளந்து பார்த்தீங்களா?" என்று கேட்போம். அளந்தவருக்கு அதற்கான கூலியைத் தனியாகக் கொடுப்போம்.