மலையிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை



லெந்து நாள்கள் கடந்து, ஈஸ்டர் பண்டிகையும் முடிந்து, ஆலயத்தில் மீண்டும் திருமண ஓலைகள் வாசிக்கப்படுகின்றன. மணமக்களுக்கும் பெற்றோருக்கும் வழக்கமாக அநேக ஆலோசனைகளைச் சொல்லுகிறோம். திருமண ஆராதனையில் பீடத்திற்கு மிக அருகில் நின்றும், நாம் ஒருபோதும் ஆலோசனை சொல்லாத ஒருவர் உண்டு. அவர் புகைப்படம் எடுப்பவர். அதிலும், இதுவரை மலையையும் ஆற்றையும் மட்டுமே படம் எடுத்துப் பழகி, முதன்முறையாகத் திருமண வீட்டிற்குள் கேமராவோடு நுழைகிற ஒருவரைக் குறித்து இவ்வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். அங்கே அவர் கற்றுக்கொள்ளும் பாடம், கேமராவைத் தொட்டே பாராதவர்களுக்கும் உரியது.

நிலக்காட்சியைப் படம் எடுப்பது நம் நாட்டில் பழைமையான கலை. லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேய இராணுவ அதிகாரி, சென்னை இராஜதானி அரசின் புகைப்படக்காரராக 1857-58 ஆம் ஆண்டுகளில் தமிழகத்தின் பல பகுதிகளில் பயணம் செய்தார். ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களின் கோயில்களோடு, நமக்கு மேற்கே கிருஷ்ணகிரிக்கு அப்பாலுள்ள ராயக்கோட்டையையும் படம் எடுத்தார். 1858 இல் அப்படங்கள் தொகுதிகளாக வெளிவந்தன. மெழுகேற்றிய காகிதத்தையே அவர் நெகட்டிவாகப் பயன்படுத்தினார். அக்காகிதத்தில் உருவம் பதிய நெடுநேரம் ஆகும். ஆகையால் அசையாமல் நிற்கும் பாறையும் கோபுரமும் தெளிவாகப் பதிந்தன. நடமாடும் மனிதர்களை அவருடைய படங்களில் அரிதாகவே காணலாம்.

இன்னொன்றும் செய்தார். அக்காலத்து முறையில் வானம் வெறும் வெளுப்பாகவே பதியும். எனவே நெகட்டிவின் மீது தூரிகையால் மேகங்களைத் தீட்டிச் சேர்த்தார். வானம் அதைக் குறித்து முறையிடவில்லை. ராயக்கோட்டைப் பாறையும் தன்னை ஏன் படம் எடுத்தீர் என்று அவரைக் கேட்கவில்லை. இந்த இரண்டு காரியங்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வட்டாரத்தில் ஓர் இளைஞர் இருக்கிறார். அதிகாலையில் இருசக்கர வாகனத்தில் ஏலகிரிக்கு ஏறி, பனி விலகும் நேரத்திற்காகக் காத்திருப்பவர். ஜவ்வாது மலையின் சரிவுகளும், பாலாற்றின் வறண்ட மணற்பரப்பும், 2021 நவம்பரில் அதே ஆறு கரைபுரண்டு ஓடிய காட்சியும் அவருடைய படங்களில் உண்டு. தமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தார் வற்புறுத்தியதால், ஒரு திருமணத்தைப் படம் எடுக்க ஒப்புக்கொண்டார். அதற்கு முன் அவர் ஒரு திருமணத்தையும் எடுத்ததில்லை. சம்பந்தப்பட்டவர்களின் அனுமதியோடு, பெயர்களைக் குறிப்பிடாமல் அதை இங்கே எழுதுகிறேன்.

முந்தைய நாள் மாலை ஆலயத்தைப் பார்க்க வந்தார். காலை பத்தரை மணிக்கு எந்த ஜன்னல் வழியாக வெயில் விழும் என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. 1872 ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், பொதுவாகக் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையிலேயே திருமணம் நடத்தப்பட வேண்டும் என்கிறது. நிலக்காட்சி எடுப்போர் விரும்புவதோ அந்த எல்லைகளை ஒட்டிய வெளிச்சம், அதாவது சூரியன் எழும் வேளையும் சாயும் வேளையும். நம் திருமணங்கள் நடக்கும் முற்பகலில் ஜன்னல் ஓரம் வெயில் எரிக்கும். பீடத்தருகே மங்கலாக இருக்கும். மலையிலென்றால் முக்காலியில் கேமராவைப் பூட்டி, ஒரு விநாடியோ அதற்கு மேலோ வெளிச்சத்தை உள்ளே விடலாம். ஆலயத்தில் ஒரு விநாடியை 125 கூறாக்கி, அதில் ஒரு கூறுக்குள் எடுத்தால்தான் மணமகளின் முகம் அசைவின்றிப் பதியும். முக்காலி விரிக்க இடமும் கிடையாது.

ஆராதனை முறைமையை நான் அவருக்கு வரிசையாகச் சொன்னேன். மணமகள் எந்த வாசல் வழியாக வருவாள், தகப்பன் எங்கே நின்று ஒப்புக்கொடுப்பார், உடன்படிக்கை எப்போது, மாங்கல்யம் எப்போது, பதிவேட்டில் கையொப்பம் எங்கே என்று சொல்லச் சொல்ல அவர் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். "மலை நாளைக்கும் அங்கேதான் இருக்கும் ஐயரே, இது இருக்காதே" என்றார். உண்மையே. மறுநாள் மாங்கல்யம் கட்டும் நேரத்தில் உறவினர்களின் கைப்பேசிகள் அவருக்கு முன்னால் காடு போல உயர்ந்தன. முடிச்சுப் போடும் படம் அவருக்குக் கிடைக்கவில்லை. அதை மீண்டும் ஒருமுறை கட்டச் சொல்லி எடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அவர் அப்படிக் கேட்கவில்லை.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது வேறொரு படத்தைப் பற்றி.

மணமகளின் தகப்பனார் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக டேனரி வேலையில் இருப்பவர். சுண்ணாம்புத் தொட்டியும் குரோமும் ஒரு மனிதனுடைய கைகளை என்ன செய்யும் என்பதை வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் இராணிப்பேட்டையிலும் வாழும் நமக்கு விளக்கத் தேவையில்லை. அன்று காலை முதல் அவர் தம் கைகளை மேல்துண்டின் மடிப்புக்குள் வைத்திருந்தார். குடும்பப் படத்திற்கு நிற்கையிலும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். மகளை ஒப்புக்கொடுக்கும் நேரத்தில் மட்டும் அது இயலவில்லை. மகளின் கையைப் பிடித்து மணமகனின் கையில் வைத்தார். வெடித்து, நிறம் மாறிய அந்த விரல்களின்மீது ஜன்னல் வெளிச்சம் விழுந்தது. பாறைகளின் வெடிப்பையும் வரியையும் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தப்பவில்லை. அந்த நாளின் மிகச் சிறந்த படம் அதுதான் என்று இளைஞர் என்னிடம் சொன்னார். அதைப் பார்த்தபோது எனக்கும் அப்படியே தோன்றியது.

இங்கேதான் மலைக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாடு வருகிறது. மலைக்கு வெட்கம் கிடையாது. அதன் வெடிப்பை உலகத்திற்கே காட்டினாலும் அதற்கு நோவதில்லை. அந்தத் தகப்பனாரோ காலை முதல் மறைத்த ஒன்றை, மகளுக்காக ஒரு நிமிடம் வெளியே எடுத்தார். அந்த நிமிடம் யாருக்குச் சொந்தம்? கேமரா வைத்திருப்பவருக்கா, கைக்கு உரியவருக்கா?

இந்தக் கேள்வியைச் சந்தித்தவர்கள் முன்னும் இருந்தார்கள். லாலா தீன் தயாள் என்னும் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் 1844 இல் மீரட்டுக்கு அருகிலுள்ள சர்தானாவில் பிறந்தார். இந்தூரில் பொதுப்பணித் துறையில் பணிபுரிந்தபோது கேமராவைக் கையில் எடுத்தார். மத்திய இந்தியாவின் கோட்டைகளையும் கோயில்களையும் நிலக்காட்சிகளையும் எடுத்துப் பேர் பெற்றார். பின்பு ஐதராபாத் நிஜாமின் அவைப் புகைப்படக்காரராகி, செகந்திராபாத்திலும் பம்பாயிலும் படநிலையங்கள் நடத்தி, மனிதர்களையும் மிகுதியாகப் படம் எடுத்தார். கல்லிலிருந்து முகத்திற்கு வந்தவர் அவர். வந்தபோது, பர்தா முறையில் வாழும் பெண்கள் அந்நிய ஆணின் கேமரா முன் அமர மாட்டார்கள் என்பதைக் கண்டார். அவர்களை வற்புறுத்தாமல், 1892 இல் ஐதராபாத்தில் பெண்களுக்கென்றே தனியாக ஒரு படநிலையத்தைத் திறந்து, அதன் பொறுப்பை ஒரு பெண்மணியிடம் ஒப்படைத்தார். எதிரே அமர்பவரின் மனதிற்கு ஏற்பத் தம் தொழிலின் முறையையே மாற்றிக்கொண்டார். நம் ஊர்களில் இன்றும் பல இஸ்லாமியக் குடும்பங்களின் திருமணங்களில் பெண்கள் பகுதியைப் பெண்களே படம் எடுக்கிறார்கள். அங்கே வேலைக்குச் செல்லும் ஒருவர் முதலில் கேட்க வேண்டியது, "நான் எதுவரை வரலாம்?" என்பதுதான்.

வேதத்திலும் இதற்கு ஒரு காட்சி உண்டு. நோவா தன் கூடாரத்தில் வெட்கத்திற்குரிய நிலையில் கிடந்தபோது, ஒரு குமாரன் அதைக் கண்டு வெளியே போய் அறிவித்தான். சேமும் யாப்பேத்துமோ வஸ்திரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, பின்னிட்டு நடந்து வந்து, முகத்தைத் திருப்பியபடியே தகப்பனை மூடினார்கள். இறையியல் கல்லூரியில் இப்பகுதியைப் படித்தபோது, சாபத்தைப் பற்றியும் வம்சங்களைப் பற்றியுமே நாங்கள் அதிகம் விவாதித்தோம். இப்போது என் சிந்தை அந்தப் பின்னோக்கிய நடையிலேயே நிற்கிறது. கண்டதை உடனே வெளியே சொல்ல ஓடுவது எளிது. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு கேமரா இருக்கும் இந்நாளில் அது இன்னும் எளிது.

அந்த இளைஞர் என்ன செய்தார் தெரியுமா? அந்தப் படத்தை முகநூலில் இடவில்லை, நண்பர்களுக்கும் அனுப்பவில்லை. ஒரு வாரத்திற்குப் பிறகு அந்த வீட்டிற்குச் சென்று, மற்ற எல்லாருக்கும் முன்பாகத் தகப்பனாரிடம் தனியாகக் காட்டினார். என்னிடம் அதைக் காட்டியதும் அவருடைய சம்மதத்திற்குப் பிறகே. தகப்பனார் நெடுநேரம் அதைப் பார்த்தார். பிறகு, "ஆல்பத்துல வை தம்பி. போன்ல மட்டும் போட வேணாம்" என்றார். அவ்வளவுதான். அந்தப் படம் இன்று அந்த மகளுடைய ஆல்பத்தில் இருக்கிறது. வேறெங்கும் இல்லை.

அவர் மறுத்திருந்தால்? அப்போது அந்தப் படம் இல்லாமல் போயிருக்கும். அந்த நஷ்டத்தை ஏற்க மனமுள்ளவரே மனிதர்களைப் படம் எடுக்கத் தகுதியானவர் என்று எண்ணுகிறேன்.

டிரைப் தீட்டிய மேகங்களுக்கு இப்போது வருவோம். வானத்திற்கு மேகம் சேர்த்தது போல, இன்று மணமகளின் முகத்திற்கு வெளுப்புச் சேர்க்கிறார்கள். கணினியில் ஒரு நொடியில் கறுத்த முகம் சிவந்துவிடுகிறது. பெற்றோரே, பல நேரங்களில் அதைக் கேட்பவர்கள் நீங்கள்தான். ஆல்பம் வந்தபின் அந்தப் பெண் தன் திருமணப் படத்தில் யாரோ ஒருத்தியைப் பார்க்கிறாள். தேவன் கொடுத்த முகம் இந்த நாளுக்குப் போதவில்லை என்று பெற்ற வீட்டாரே அவளுக்குச் சொல்லி அனுப்புகிறோம். வானம் முறையிடாது. மகளும் ஒருவேளை வாய்திறந்து முறையிடமாட்டாள். ஆனால் அவள் மறக்கவும் மாட்டாள்.

பிரியமானவர்களே, இந்தத் திருமண நாள்களில் உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்கிறேன். ஆராதனை வேளையில் கைப்பேசிகளைப் பையிலேயே வையுங்கள். சட்டப்படி பதிவேட்டில் கையொப்பமிடும் சாட்சிகள் இருவரே ஆனாலும், சபையாகிய நாம் அனைவரும் அங்கே சாட்சிகள். சாட்சி திரையைப் பார்ப்பவர் அல்லர், நேரே பார்ப்பவர். இரண்டாவது, ஒருவருடைய படத்தை வெளியே பகிருமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்; முக்கியமாக ஏழைகளிடமும் முதியவர்களிடமும் விதவைகளிடமும் கேளுங்கள். அவர்களிடம்தான் நாம் கேட்காமலே எடுத்துப் பழகியிருக்கிறோம். மூன்றாவது, படம் எடுக்க வருகிறவருக்குப் பந்தியில் இடம் கொடுங்கள். பிரியாணி தீர்ந்தபின் அவரை நினைக்காதீர்கள்.

கானா ஊர்த் திருமணத்தில் தண்ணீர் திராட்சரசமானதைப் பந்தி விசாரிப்புக்காரன் அறியவில்லை. ஆறு கற்சாடிகளையும் நிரப்பி, மொண்டு கொண்டுபோன வேலைக்காரர் அறிந்திருந்தார்கள். அவர்களின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. ஒரு வீட்டின் குறைவையும் நிறைவையும் மிக அருகிலிருந்து கண்டு, அதைப் பந்தியில் உரத்துச் சொல்லாதவர்கள் அவர்கள். கேமராவோடு திருமண வீட்டிற்குள் நுழைகிறவருக்கு அவர்களுடைய வரிசையில் ஓர் இடம் இருக்கிறது. பிறர் வீட்டின் இரகசியங்களைக் காண நேரும் நம் ஒவ்வொருவருக்கும் அங்கே இடமுண்டு.

ஜெபிப்போம்: ஆண்டவரே, நாங்கள் காண்பவற்றிற்காக உமக்கு நன்றி செலுத்துகிறோம். கண்டவற்றில் எதைக் காட்ட வேண்டும், எதை மூட வேண்டும் என்று பகுத்தறியும் அன்பை எங்களுக்குத் தந்தருளும். ஆமென்.

உங்கள் ஊழியத்தில்,
உங்கள் போதகர்