படகு வீட்டில் ஐந்து சட்டைகள்

படகையே வீடாகக் கொண்டு வாழ்வோரிடம் குளிரைப் பற்றிக் கேட்கிறார்கள், குடிநீரைப் பற்றிக் கேட்கிறார்கள். சட்டை கசங்காமல் எப்படிக் காக்கிறீர்கள் என்று கேட்பவர் அரிது. 2023 டிசம்பர் விடுமுறையில் மூன்று வாரம் இலண்டனில் தம்பியின் படகில் தங்கியிருந்தபோது நாங்கள் அதைப் பற்றித்தான் மிகுதியும் பேசினோம். (பேசியிருக்க வேண்டிய வேறொன்றும் இருந்தது. அதற்கும் சட்டைக்கும் தொடர்பு உண்டு.)

தம்பி கணக்காய்வு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறான். மணமுறிவுக்குப் பின் வீட்டை விற்றுப் பங்கு பிரித்தபோது கையில் எஞ்சியது இலண்டனில் ஓர் அறைக்கும் போதாது. ஒரு பழைய படகுக்குப் போதுமானதாக இருந்தது. நீளம் 57 அடி, அகலம் 7 அடிக்குச் சற்றுக் குறைவு. இங்கிலாந்தின் பழைய கால்வாய்களில் படகை ஏற்றி இறக்கும் மதகுகள் பல ஏறக்குறைய 7 அடி அகலத்துக்கே கட்டப்பட்டவை. ஆகவே படகும் ஒடுங்கிப் போயிற்று. நிலையான துறையை வாடகைக்கு எடுக்காத படகு, பொதுவாக 14 நாளுக்கு மேல் ஓரிடத்தில் நிற்கலாகாது என்பது 1995ஆம் ஆண்டுச் சட்டம். நாங்கள் இருந்த நாட்களில் ஹாக்னியிலிருந்து டாட்டன்ஹாமுக்கு லீ ஆற்றுக் கால்வாயில் ஒருமுறை வீட்டோடு குடிபெயர்ந்தோம்.

இவை எதுவும் பாளையங்கோட்டையில் இருக்கும் அம்மாவுக்குத் தெரியாது. ஞாயிறுதோறும் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுவாள். தம்பி ஒரு வெள்ளைத் திரைக்கு முன்னால், தேய்த்த சட்டையுடன் உட்கார்ந்திருப்பான். அம்மாவின் கண் காலரில்தான் நிற்கும். “சட்டை மடிப்புக் கலையாம இருக்கான். நல்லாத்தான் இருக்கான்” என்று எங்களிடம் சொல்லுவாள். முப்பது ஆண்டுகள் பள்ளி ஆசிரியருக்கு மனைவியாக இருந்தவள். மனிதனின் நிலைமையைச் சட்டையில் படிக்கப் பழகியவள்.

சரி, அந்தச் சட்டைக்கு என்ன பாடு? நம் வீடுகளில் இஸ்திரிப் பெட்டியைச் சுவரில் செருகினால் வேலை முடிந்தது. படகில் மின்சாரம் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து வருகிறது. 2400 வாட் பெட்டி ஒன்றை இன்வெர்ட்டர் வழியே சூடேற்ற, பேட்டரி 200 ஆம்பியருக்கு மேல் கொடுக்க வேண்டும். டிசம்பர் மாதத்துச் சூரியத் தகடு அதற்கு ஈடுசெய்வதாவது! ஆகையால் 800 வாட்டில் ஒரு சிறு பெட்டி, அதுவும் இயந்திரம் ஓடும்போது மட்டும். கரையில் கட்டி நிற்கையில் இரவு எட்டு முதல் காலை எட்டு வரை இயந்திரத்தை ஓட்டக் கூடாது. தம்பியோ ஏழு மணிக்குக் கிளம்புகிறவன். சனிக்கிழமை பொதுச் சலவையகத்தில் துவைத்து வந்து, பகலில் தேய்க்கும் ஐந்து சட்டைகளும் அடுத்த வெள்ளி வரை தாக்குப்பிடிக்க வேண்டும்.

“ஊரிலிருந்து கரிப்பெட்டி ஒன்று கொண்டுவந்திருக்கலாமோ?” என்று நாங்கள் விளையாட்டாகக் கேட்டபோது, அவன் சுவரில் இருந்த கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை மணியைக் காட்டினான். 2019 ஏப்ரல் முதல் அது கட்டாயம். புகைபோக்கி இல்லாத கரித்தணல் மூடிய படகில் ஆளைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும்.

தேய்ப்பது எளிய பாதி. காப்பதுதான் அரிய பாதி. மூச்சும் சமையலும் விடும் ஈரம் குளிர்ந்த எஃகு உடலில் துளித்து வழிகிறது. பருத்தி அந்த ஈரத்தை உறிஞ்சும். ஈரம் புகுந்தால் இழையின் உள்ளே இருக்கும் மெல்லிய பிணைப்புகள் நெகிழ்ந்து, காயும்போது அப்போது கிடந்த வாக்கிலேயே மீண்டும் இறுகிவிடும். நெருக்கிக் கிடந்த துணிக்கு நெருக்கமே வடிவமாகும். பெட்டியின் சூடும் நீர்த்தெளிப்பும் செய்வது இதைத்தான். நாம் விரும்பும் வடிவில் செய்கிறது என்பதே வேறுபாடு. மெத்தைக்கடியில் காற்சட்டையை வைத்து மடிப்பு எடுக்கும் நம் விடுதிக் கால உத்தி இங்கே செல்லாது. மெத்தைக்கடியில்தான் ஈரம் முதலில் சேர்ந்து பூஞ்சை பூக்கும்.

முதல் குளிர்காலத்தில் இரண்டு சட்டைகள் பூஞ்சைக்குப் போனபின் தம்பி அலமாரியை எஃகுச் சுவரிலிருந்து பெயர்த்து, படகின் நடுவே குறுக்குத் தடுப்பில் பொருத்தினான். பின்பலகைக்குப் பதில் இடைவெளி விட்ட சட்டங்கள். அடியில் ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பா. அடுப்பின் வெப்பம் எட்டும், ஆனால் சுடாத தூரம். தேய்த்த சட்டையை உடனே தொங்கவிடமாட்டான். சூடும் ஈரமும் ஆறும்வரை நாற்காலி முதுகில் காத்திருக்கும். பிறகு தோள் அகன்ற மர ஹேங்கர், காலர்ப் பொத்தான் போட்டு, சட்டைக்கும் சட்டைக்கும் இரு விரல் இடைவெளி. ஏழடி அகல வீட்டில் அந்த இரு விரல் பெரிய ஆடம்பரம். எங்கள் பெட்டிகளைத் தரையில் அடுக்கி அதன்மேல் நாங்கள் கால் நீட்டிப் படுத்திருக்க, ஐந்து சட்டைகள் மட்டும் காற்றோட்டமாக இருந்தன!

கடலில் செல்வோருக்கு இதுவும் உதவாது. ஹேங்கரில் ஊசலாடும் துணி அலமாரிச் சுவரில் உரசியே நைந்துபோகும். சுருட்டி வைப்பதே அங்கு வழக்கம். பிரித்தானிய மாலுமிகள் ஒரு படி மேலே போனார்கள். அகன்ற காலுடைய காற்சட்டையைச் சிறு பெட்டிக்குள் அடக்கக் குறுக்காக மடித்து மடித்து வைக்க, அக்குறுக்கு மடிப்புகளே சீருடையின் இலக்கணமாகிவிட்டன. ஏழு மடிப்பு ஏழு கடல் என்று கதையும் கட்டினார்கள். எங்களுக்கு இது மிகவும் பிடித்தது. தம்பிக்குப் பிடிக்கவில்லை, அவன் அலுவலகத்தில் மடிப்புக்கு அப்படியொரு மரியாதை கிடையாது.

குறுந்தொகையின் 330ஆம் பாட்டில் ஒரு புலைத்தி வருகிறாள். பசை தோய்த்த ஆடையை அடித்துத் துவைத்துக் குளிர்ந்த குளத்தில் இடுகிறாள். நீரில் இட்டும் பிரியாத அந்த முறுக்கு, இதழ் அவிழும் பகன்றையின் வெண்பூவுக்கு உவமையாகிறது. சங்க காலத்திலேயே துணிக்குக் கஞ்சி போட்டார்கள் என்பதற்குச் சான்றாக வகுப்பில் சொல்லிவிட்டு உவமைக்குப் போய்விடுவது எங்கள் வழக்கம். பாட்டில் தலைவி தோழியிடம் கேட்பதோ வேறு: துயர் தரும் இந்த மாலையும் தனிமையும் அவர் போன நாட்டில் இல்லையோ? இலண்டனில் அந்த மாதம் பொழுது மூன்று ஐம்பதுக்கெல்லாம் சாய்ந்துவிடும். தம்பி திரும்ப ஏழாகும். வந்ததும் சட்டையைக் கழற்றி உதறி, தடவி, பொத்தான் போட்டு மாட்டுவான். அதன் பிறகே அடுப்பில் கரி போட்டுக் குளிர் காய்வான். பேச ஆளில்லாத வீட்டில் இந்த வேலை எத்தனை இரவுகளாக நடக்கிறது என்று நாங்கள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

அம்மாவிடம் நாங்கள் சொல்வதாக இருந்தோம். “வேண்டாம் அத்தான், நானே சொல்லிக்கிறேன்” என்றான். கடைசி ஞாயிறு வெள்ளைத் திரையை அவிழ்த்துவிட்டு, பேசியைக் கையில் ஏந்திப் படகின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து காட்டினான். மணமுறிவையும் அந்த நடையிலேயே சொன்னான். அம்மா நெடுநேரம் பேசவில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நாங்கள் எட்டிப் பார்த்தோம்.

“சட்டையெல்லாம் யாருய்யா தேய்ச்சுத் தாரா?”

“நான்தாம்மா.”

அலமாரியைத் திறக்கச் சொன்னாள். அவன் திறந்தான். ஒவ்வொன்றாக எண்ணுவது கேட்டது. ஐந்து வரை எண்ணிவிட்டு, “ஒரு வேட்டிகூட இல்லையே” என்றாள்.