நாக்கு அறியாத தண்ணீர்

பரிசோதனைக் கூடத்துக்குப் பாட்டிலோடு வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, "உப்பு எவ்வளவுங்க இருக்கு?" என்றுதான். தருமபுரிப் பக்கத்துச் சிற்றூர்களில் கெட்ட தண்ணீருக்கு அடையாளம் உவர்ப்பும், பாத்திரத்தில் படியும் வெள்ளைப் பொருக்கும். நான் முதலில் பார்ப்பது வேறு மூன்றை: புளோரைடு, நைட்ரேட், கிருமி. மூன்றுமே நாக்குக்குத் தட்டுப்படாது.

இங்குள்ள பாறைக் கனிமங்களிலிருந்து புளோரைடு நிலத்தடி நீரில் இறங்குகிறது. கால்சியம் குறைந்த நீரில் அது கூடுதலாகவே தங்கும். அதனால், பருப்பு நன்றாக வேகிறது, சோப்பு நுரைக்கிறது என்று ஊரே மெச்சும் போர் தண்ணீரிலும் புளோரைடு மிகுந்திருக்கலாம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அளவு மீறினால் வளரும் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும். பல ஆண்டுகள் குடித்தால் மூட்டும் முதுகெலும்பும் இறுகும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், புளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். இந்தப் பாதிப்பைக் குறைக்கத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரித் தண்ணீரை இங்கே கொண்டுவந்தது.

ஆற்றுத் தண்ணீரோடு போர் தண்ணீரையும் கலந்து விடும் ஊர்களில் மேல்நிலைத் தொட்டியில் மட்டும் மாதிரி எடுத்தால் போதாது. கடைசித் தெருவின் கடைசிக் குழாய்க்கும் போக வேண்டும். குழாய் வாயில் கட்டிய துணியை அவிழ்த்து, உள்ளும் புறமும் துடைத்து, உலோகக் குழாயானால் ஸ்பிரிட் பஞ்சைக் கொளுத்தி வாயைச் சுட்டு, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட வேண்டும். கிருமிச் சோதனைக்கான பாட்டிலில் சோடியம் தயோசல்பேட் இருக்கும்; தண்ணீரிலுள்ள குளோரின் வழியிலேயே கிருமியைக் கொன்று முடிவை மாற்றிவிடாமல் தடுப்பது அது. ஆகவே பாட்டிலைக் கழுவக் கூடாது, மூடியின் உள்பக்கம் விரல் படக் கூடாது, கழுத்துவரை நிரப்பவும் கூடாது. பிறகு ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கூடத்தில் சேர்த்துவிட வேண்டும். இதில் ஒன்று தவறினாலும், பிறகு எந்தக் கருவியாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

"பிளீச்சிங் வாடை அடிக்குது, குடிக்க முடியலை" என்று தெருவில் குறை சொல்வார்கள். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. அந்த மெல்லிய வாடை, வழியில் கிருமி புகுந்தாலும் தண்ணீருக்குக் காவல் இருக்கிறது என்பதற்கு அடையாளம். மிச்சக் குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப்பில் துளிகளை விட்ட பிறகும் நிறம் மாறாவிட்டால்தான் எனக்குக் கவலை.

கக்கூஸ் குழிக்கும் உரம் போட்ட வயலுக்கும் பக்கத்திலுள்ள கிணறுகளில் நைட்ரேட்டைப் பார்க்க வேண்டும். வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். அதில் தளர்வே கிடையாது. புட்டிப்பால் குடிக்கும் பச்சைக் குழந்தைக்கு வரம்பு மீறிய நீரில் பால் கலக்கக் கூடாது.

உங்கள் ஊர்த் தண்ணீரை ஆண்டுக்கு இரண்டு முறை, கோடையில் ஒன்று, மழைக்குப் பிறகு ஒன்று, சோதிக்கக் கொடுங்கள். முடிவுத் தாளில் உப்புக்கு முன்னால் புளோரைடு, நைட்ரேட், கிருமி ஆகிய மூன்று வரிகளையும் படியுங்கள். அவை இல்லாத தாளை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள்.