எண்ணூறு வரிகள்

கணிப்பொறிக்குத் தாய்மொழி ஒன்றுண்டு. அஃது ஒன்று, சுழி என்னும் இரண்டே குறிகளால் ஆயது. அக்குறிகளை நினைவில் இருத்துதல் அரிதாகலின், கூட்டுக, நகர்த்துக, தாவுக என்னும் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு குறும்பெயர் சூட்டினர் அறிஞர். அங்ஙனம் எழுந்ததே அசெம்பிளி மொழி. பொறி செய்யவல்ல எதனையும் அம்மொழியிற் கூறலாம். ஆயினும், ஒருவகைப் பொறிக்கு எழுதியது வேறுவகைப் பொறிக்கு உதவாது. பொறி மாறின் உழைப்பெல்லாம் வீணாகும்.

இவ்விடரை நன்குணர்ந்தோர், அமெரிக்க நாட்டில் நியூ ஜெர்சி மாநிலத்துப் பெல் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் ஆவர். 1969-இல் பிடிபி-7 என்னும் சிறிய பொறியில் யூனிக்ஸ் என்னும் இயங்குதளம் தோன்றியது. பொறியின் நேரத்தையும் நினைவகத்தையும் ஏனை நிரல்களுக்குப் பகிர்ந்தளித்து மேற்பார்க்கும் தலைமை நிரலே இயங்குதளம் எனப்படும். யூனிக்ஸ் அசெம்பிளியில் எழுதப்பெற்றது. பிடிபி-11 என்னும் புதிய பொறி வந்தபோது மீண்டும் அசெம்பிளியிலேயே அதனை எழுத நேர்ந்தது.

இதற்கிடையே ரிச்சி, சி என்னும் மொழியை ஆக்கி வந்தார். அம்மொழியில் எழுதியதைப் பொறியின் மொழிக்கு மாற்றித் தருவதற்கு நிரல்பெயர்ப்பி என்னும் தனிநிரல் உண்டு. 1972-இல் தாம்சன் யூனிக்ஸைச் சி மொழியில் எழுதத் தொடங்கிக் கைவிட்டார். பல செய்திகளை ஒரு பெயரின்கீழ்த் தொகுத்து வைக்கும் வசதி அம்மொழிக்கு அன்று இல்லை. அவ்வசதி அமைந்தபின், 1973-ஆம் ஆண்டுக் கோடையில் அப்பணி நிறைவெய்தியது. புதிய நிரல் பழையதினும் மூன்றிலொரு பங்கு பெரியதாயிற்று. நினைவகம் பொன்போல் அருகியிருந்த அந்நாளில் அஃது எளிய விலையன்று. எனினும், படிக்கவும் திருத்தவும் எளிதாய், புதிய வசதிகளும் உடையதாய் இருந்தமையால், அவ்விருவரும் அவ்விலையைத் தகும் என்றே கொண்டனர்.

அங்ஙனமாயின் அசெம்பிளி அறவே ஒழிந்ததோ? ஒழியவில்லை. 1978-இல் வெளிவந்த கட்டுரையொன்றில் தாம்சன் அதன் கணக்கைத் தருகின்றார். யூனிக்ஸின் உட்கருவில் ஏறத்தாழ 10,000 வரிகள் சி மொழியிலும் 1,000 வரிகள் அசெம்பிளியிலும் இருந்தன. அவ்வாயிரத்துள் 200 வரிகள் விரைவு கருதி எழுதப்பட்டவை. அவற்றைச் சி மொழியிலும் எழுதியிருக்கலாம். எஞ்சிய 800 வரிகளோ சி மொழியாற் சொல்லவே இயலாதவை.

சொல்ல இயலாதது யாது? ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கையில், ஒருவர் தட்டச்சுக் கருவியில் ஓர் எழுத்தை அழுத்துகின்றார் எனக் கொள்வோம். உடனே பொறி, தான் விட்ட இடத்தையும் தன் அப்போதைய நிலையையும் நினைவகத்திற் குறித்துவிட்டு, அவ்வெழுத்தைக் கவனிக்க விரையும். இதற்குக் குறுக்கீடு என்று பெயர். பணி முடிந்தபின் இடம், நிலை ஆகிய இரண்டையும் ஒருங்கே மீட்டுத் திரும்புதல் வேண்டும். அதற்கெனத் தனிக்கட்டளை ஒன்று பிடிபி-11-இல் உண்டு. சி மொழியில் எழுதிய நிரற்கூறோ இடத்தை மட்டுமே மீட்டுத் திரும்பும். ஆதலின் வாயிலில் அசெம்பிளி நின்று வரவேற்கும். எழுத்தைப் பெற்று வைக்கும் பணியை உள்ளிருந்து சி செய்யும். மீண்டும் வாயிலில் அசெம்பிளியே வழியனுப்பும்.

நிலைமொழியும் வருமொழியும் சேருமிடத்தில் விதி வேண்டும் என்பது மாணவர் அறிந்ததே. இவ்விரு மொழிகளும் சேருமிடத்திலும் அவ்வாறே விதிகள் உண்டு. பிடிபி-11-இல் 0 முதல் 7 வரை எண்ணிட்ட எட்டுப் பதிவகங்கள் இருந்தன. கணக்கிடும் வேளையில் எண்களைக் கையருகே வைத்துக்கொள்ளும் இடங்கள் அவை. ஒரு கூறு மற்றொரு கூற்றை அழைக்குங்கால், அதற்குத் தரும் மதிப்புக்களைக் கடைசியிலிருந்து தொடங்கி, நினைவகத்தில் அடுக்கு எனப்படும் பகுதியில் ஒன்றன்மேல் ஒன்றாக இடுதல் வேண்டும். விடை 0 என்னும் பதிவகத்தில் வரும். 2 முதல் 5 வரையுள்ள பதிவகங்களை அழைக்கப்பட்ட கூறு பயன்படுத்தலாம். ஆனால், முன்னிருந்தபடியே அவற்றைத் திருப்பி வைத்தல் வேண்டும். சி மொழியில் வழங்கும் பெயருக்கு முன்னே அசெம்பிளியில் ஓர் அடிக்கோடு சேரும். இது தோன்றல் விகாரம் போலும்!

இவ்விதிகளில் ஒன்று பிறழ்ந்தாலும் பொறி அவ்விடத்தே நின்று குற்றம் கூறாது. கெட்ட பதிவகத்தோடு மேலே ஓடி, தொடர்பில்லாத பிறிதோர் இடத்தில் தவறான விடை தரும். பிழையைத் தேடுவோர் அவ்விடத்தையே துருவிக்கொண்டிருப்பர். பிழையோ வேறிடத்தில் இருக்கும்.

விதியை வகுத்தோரையே இச்சேர்க்கை ஏமாற்றியதும் உண்டு. 1975-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில், ஒரு நிரலை நிறுத்தி மற்றொன்றை எழுப்புதற்கு இரண்டு சிறிய அசெம்பிளிக் கூறுகள் இருந்தன. ஒன்று அடுக்கின் நிலையைச் சேமிக்கும். மற்றொன்று அதனை மீட்கும். ஆனால், நிலையைச் சேமிக்கச் செய்த சிக் கூறு ஒன்று. மீட்டபின் திரும்பும் கூறு வேறொன்று. தன் வீட்டில் உறங்கியவன் அயலார் வீட்டில் விழித்தாற்போன்றது இது. இவ்விடத்தைப் படிப்போர் விளங்கிக்கொள்வர் என எதிர்பார்க்கவில்லை என்னும் பொருள்பட ஒரு குறிப்பும் நிரலில் இருந்தது. அதனைச் செருக்கு என்று சிலர் கருதினர். இப்பகுதி தேர்வில் வாராது என்று ஆசிரியர் கூறுவது போன்றதே அக்குறிப்பு எனவும், மெய்யாகவே தாமும் அதனைச் சரிவர விளங்கிக்கொள்ளவில்லை எனவும் ரிச்சி பின்னாளில் எழுதினார்.

பிடிபி-11-இல் எல்லாச் சிக் கூறுகளும் பதிவகங்களை ஒரே முறையிற் சேமித்து, ஒரே முறையில் மீட்டுத் திரும்பின. அதனால் வீடு மாறி விழித்தாலும் கேடு விளையவில்லை. 1977-இல் ரிச்சியும் ஸ்டீவ் ஜான்சனும் யூனிக்ஸை இண்டர்டேட்டா 8/32 என்னும் வேறுவகைப் பொறிக்குக் கொண்டுசென்றபோது அம்மறைவு வெளிப்பட்டது. அங்கே திரும்பும் முறை கூற்றுக்குக் கூறு வேறுபட்டது. பழைய கூறுகளை அவர்கள் களைந்தனர். எந்த வரியில் நிலையைச் சேமித்தார்களோ, மீட்டபின் அந்த வரிக்கே திரும்புமாறு புதியன எழுதினர். 1979-இல் வந்த ஏழாம் பதிப்பில், பிடிபி-11-உம் அப்புதிய முறையிலேயே இயங்கியது.